குடியாத்தம் தேங்காய் லோடுக்குப் பழைய 1.7 டன் பிக்கப் வாங்கலாமா? வாங்கினால் என்ன செலவு வரும்?

கேள்வி
தென்னந்தோப்பு, குடியாத்தம்

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தம் அருகே எங்கள் குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. அத்துடன் சுற்றுவட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு தோப்புகளில் காய் வாங்கி, உரித்து, வேலூர் மண்டிக்கு வாரம் நான்கு முறையும் கோயம்பேட்டுக்கு மாதம் இரண்டு முறையும் அனுப்பி வருகிறோம். இதுவரை எல்லாம் வாடகை வண்டிதான். வேலூருக்கு ஒரு டிரிப் 1,800 ரூபாய், கோயம்பேட்டுக்கு 6,500 ரூபாய் என்று மாதம் 41,800 ரூபாய் வாடகையாகவே போய்விடுகிறது. மாங்காய்ப் பருவம் வந்துவிட்டால் வண்டிகள் எல்லாம் சித்தூர்ப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலைகளுக்குத் திரும்பிவிடுவதால், உரித்த காய் இரண்டு நாள் களத்திலேயே கிடக்கிறது.

அதனால் சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வாங்கலாம் என்று நானும் என் தம்பியும் முடிவு செய்திருக்கிறோம். இருவருக்கும் ஓட்டத் தெரியும்; ஓட்டுநர் சம்பளம் இல்லை. வாணியம்பாடியில் ஒரு தரகர் மூலமாக ஒரு வண்டி பார்த்தோம். 2018 மார்ச்சில் பதிவானது, 1.7 டன் ஏற்றும் வண்டி, பி.எஸ்.4 புகைத் தர இன்ஜின், டிஎன் 83 எண், மீட்டரில் 1,12,000 கிலோமீட்டர். காய்கறி மட்டுமே ஏற்றிய வண்டி என்று சொல்கிறார்கள். சரக்கு ஏற்றும் தொட்டிக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அடிப்பாகத்துக்கும் கறுப்பு அடித்துப் பளிச்சென்று வைத்திருக்கிறார்கள். விலை 5,20,000 ரூபாய் சொல்கிறார்கள். ஐந்துக்கு முடியும் என்று தரகர் சொல்கிறார். கையில் 2,00,000 இருக்கிறது, மீதிக்குப் பைனான்ஸ்தான்.

நான் கேட்க விரும்புவது இரண்டு. இந்த வயதில் இப்படிப்பட்ட வண்டியில் எந்தெந்தக் கோளாறுகள் வழக்கமாக வரும், அவற்றை வாங்குவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது? வாங்கிய பிறகு டீசல் தவிர மாதம் எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும்? அனுபவப்பட்ட அண்ணன்மார்கள் விவரமாகச் சொன்னால் எங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.


பதில் 1
ஷெட் வேலைக்காரன், வேலூர்

வணக்கம் தம்பி. கொணவட்டத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக இந்த ரக வண்டிகளுக்குத்தான் வேலை பார்க்கிறேன். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது கிலோமீட்டரோ விலையோ அல்ல, அடிப்பாகத்துக்கும் புதிதாகக் கறுப்பு அடித்திருக்கிறார்கள் என்ற அந்த ஒரு வரிதான். ஓடுகிற லோடு வண்டிக்கு அடியில் கறுப்பு அடிக்க யாரும் காசு செலவழிப்பதில்லை. விற்க வேண்டும் என்ற நிலையில்தான் அடிக்கிறார்கள், அதிலும் மறைக்க ஏதாவது இருக்கும்போது.

நம் பக்கத்தில் பழைய பிக்கப் வாங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த வண்டி இத்தனை நாள் எதைச் சுமந்தது என்பதைத்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் தொழிற்சாலைகள் இருக்கிற ஊர்களில், பச்சைத் தோலை உப்புப் போட்டு மடித்து வண்டியில் ஏற்றுவார்கள். அந்தத் தோலிலிருந்து வடிகிற உப்புத் தண்ணீர் தொட்டியின் இணைப்புகள் வழியாக இறங்கி, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் மேல் விழுந்து, அதன் பெட்டி போன்ற பகுதிகளுக்குள் போய்த் தங்கிவிடும். உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால், வெளியே வாட்டர் வாஷ் செய்தாலும் உள்ளே இரும்பு வருடம் முழுக்க நனைந்தபடியேதான் இருக்கும். ஐந்தாறு ஆண்டு தோல் ஏற்றிய வண்டியின் குறுக்குச் சட்டத்தை ஸ்குரூ டிரைவரால் குத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தோல் ஏற்றுகிற தொழிலில் ஒரு தவறும் இல்லை, அதை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த வண்டியைக் காய்கறி வண்டி என்று சொல்லி விற்பது தவறு.

ஆகவே, போகும்போது ஒரு சிறிய சுத்தியலும் ஒரு டார்ச் லைட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும், ஸ்பிரிங் பட்டை சேசிஸில் மாட்டியிருக்கும் பிராக்கெட்டுக்கு அருகே மெதுவாகத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; அரித்த இரும்பு பொத்தென்று சொல்லும், பெயின்ட் ஏடு ஏடாகப் பெயரும். பிரேக் பைப் சேசிஸை ஒட்டிப் போகும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். கரடுமுரடாகப் பொரிந்திருந்தால் அந்தக் குழாய் ஒரு நாள் லோடோடு பிரேக் அழுத்தும்போது வெடிக்கும், அது உயிர்ப் பிரச்சினை. பின்விளக்குகளின் சாக்கெட்டைக் கழற்றினால் செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கிறதா என்று தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, சேசிஸில் பொறித்திருக்கும் எண்ணைத் தேடி எடுத்து, அதன்மேல் தாளை வைத்துப் பென்சில் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். எண் துருவில் மங்கியிருந்தால் பெயர் மாற்றத்திலும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றிலும் நீங்கள்தான் அலைய வேண்டும். சேசிஸை மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் அதைச் செய்ய முடியாது, செலவும் வண்டி விலையைத் தொட்டுவிடும்.

இரண்டாவது, அதிகச் சுமை. வண்டி காலியாக நிற்கும்போது பின்புறம் தூக்கிக்கொண்டு நின்றால், கம்பெனி கொடுத்ததற்கு மேல் இரண்டு மூன்று ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். பட்டையைக் கூட்டினால் வண்டி உட்காராது, அவ்வளவுதான். அந்தச் சுமை பின் அச்சின் ஹவுசிங்குக்கும் பேரிங்குக்கும் சேசிஸுக்கும்தான் போய்ச் சேருகிறது. மணலும் செங்கல்லும் கல்லும் ஏற்றிய வண்டிகளில் பின்பட்டை பிராக்கெட்டுக்கு மேலே சேசிஸில் மயிரிழை போல விரிசல் விடும், அதன்மேல் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடித்திருப்பார்கள். வெல்டிங் அடித்த சேசிஸ் உள்ள வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

இன்ஜினைப் பொறுத்தவரை, விற்பவர் வீட்டுக்குக் காலை ஆறு மணிக்குப் போங்கள், முந்தின இரவிலிருந்து ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போங்கள். பானெட்டில் கை வைத்து ஆறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாவி போடுங்கள். இந்தக் காமன் ரெயில் வகை டீசல் இன்ஜின் இரண்டு மூன்று சுற்றிலேயே பிடிக்க வேண்டும். நீண்ட நேரம் சுற்றிப் பிடித்தால், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திரும்பு குழாய் வழியாக டீசலை விட்டுவிடுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அதற்குச் சோதனை இருக்கிறது: நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களிலும் நான்கு சிறிய பாட்டிலை மாட்டி, ஒரு நிமிடம் ஓடவிட்டால், எந்தப் பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிரம்புகிறதோ அந்த இன்ஜெக்டர் தேய்ந்தது. எங்கள் பக்கம் ஒன்றைப் பழுது பார்த்து மாட்ட 9,000 முதல் 10,000 ரூபாய் ஆகிறது. பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதே இடத்தில் தலைகீழாக வையுங்கள். மூடி துள்ளிக் கீழே விழுந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது எரிந்த வாயு கீழே கசிகிறது. பிஸ்டன் ரிங் போய்விட்டது, இன்ஜின் இறக்க வேண்டும். அதற்கு 60,000 ரூபாய்க்குக் குறைந்து யாரும் கணக்குச் சொல்ல மாட்டார்கள். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும், கறுப்புப் புகை டீசல் சரியாக எரியவில்லை என்பதைக் காட்டும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியை ஆறிய இன்ஜினில் மட்டும் திறங்கள். உள்ளே பச்சையோ சிவப்போ நிறத்தில் கூலன்ட் இருக்க வேண்டும். செம்மண் கலந்தது போலத் தண்ணீர் இருந்தால் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். நம் மாவட்டத்துப் போர் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் ரேடியேட்டர் குழாயில் படிந்துவிட்டால், சித்திரை வெயிலில் பேர்ணாம்பட்டைத் தாண்டிப் பத்தலப்பல்லி மலைப்பாதையில் லோடோடு ஏறும்போது வெப்பமுள் சிவப்புக்குப் போவதைப் பார்ப்பீர்கள்.

கியரில், இரண்டாவது கியர் போட்டு இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கியர் தானே வெளியே வருகிறதா என்று பாருங்கள். அறுபதில் போகும்போது பின்னால் ஊளையிடுவது போலச் சத்தம் வந்து, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் அந்தச் சத்தம் மாறினால் பின் அச்சின் கிரவுன் பினியன் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. கிளட்ச் செட் கூலியோடு 14,000 ரூபாய் வரை வரும், அது தேய்கிற பொருள், அதற்காக வண்டியை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பால் ஜாயின்ட்டையும் புஷ்ஷையும் பாருங்கள். அதுவும் சின்னச் செலவுதான்.

மீட்டரைப் பொறுத்தவரை நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஏழரை ஆண்டு லோடு ஓட்டிய வண்டி 1,12,000 மட்டுமே ஓடியிருந்தால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். கிளட்ச் பெடல் ரப்பரும் ஓட்டுநர் சீட்டின் இடது ஓரமும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள், அவை மீட்டரைவிட உண்மையாகப் பேசும்.


பதில் 2
காகித வேலை, ராணிப்பேட்டை

மெக்கானிக் அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. நான் பதினைந்து ஆண்டுகளாக வாகன இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் தொடர்பான வேலைகளைச் செய்வதால், அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில், உங்களுக்கு 1.7 டன் வண்டி தேவையா என்று யோசியுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 66(3) படி, மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. 1.3 டன் ஏற்றும் பிக்கப்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வந்துவிடுகின்றன; 1.7 டன் வண்டிகள் வருவதில்லை. தரகர் வாயால் சொல்வதை விட்டுவிட்டு ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். உரித்த தேங்காய் ஒன்று 600 கிராம் என்று வைத்தால் 2,000 காய் 1,200 கிலோதான். உங்கள் லோடுக்குச் சிறிய வண்டியே போதும் என்றால் பர்மிட் புதுப்பிக்கும் வேலையும் செலவும் இல்லை.

எடை விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று பிரிவு 194 சொல்கிறது. ஒரு முறை பிடிபட்டால் பல மாத லாபம் போய்விடும்.

எஃப்.சி.யைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும் காட்ட வேண்டும். நீங்கள் பார்த்த வண்டிக்கு 2026 மார்ச்சில் எட்டு ஆண்டு முடிகிறது. ஆகவே விற்பவர் இப்போது விற்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எஃப்.சி.க்கு அரசுக் கட்டணம் குறைவு, அதற்கு முன்னால் பெயின்ட், பிரேக் லைனிங், விளக்கு, ஒளிரும் பட்டை, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று வண்டியைத் தயார் செய்வதில்தான் 10,000, 12,000 என்று போகும். வண்டிக்கு வயது ஏற ஏறக் கட்டணமே பல மடங்கு ஆகிவிடுகிறது என்பதால், நீங்கள் வாங்கும் வண்டியை எத்தனை ஆண்டு வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

இன்சூரன்ஸில், மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள வாடகைச் சரக்கு வண்டிகளுக்கான மூன்றாம் நபர் பிரீமியம் 2022 ஜூன் முதல் ஆண்டுக்கு 16,049 ரூபாய், வரி தனி. இதை எந்தக் கம்பெனியும் குறைத்துக் கொடுக்க முடியாது. சொந்தச் சேதத்தையும் சேர்த்து எடுத்தால் உங்கள் வண்டிக்கு 24,000 ரூபாய் அளவில் வரும் என்று மதிப்பிடுகிறேன். பைனான்ஸ் போட்டால் அதைக் கட்டாயம் எடுக்கச் சொல்வார்கள்.

பெயர் மாற்றத்தை ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். படிவம் 29, படிவம் 30, பழைய கடன் இருந்தால் அது தீர்ந்ததற்கான படிவம் 35, இவை மூன்றிலும் விற்பவரின் கையெழுத்தைப் பணம் முழுவதும் கொடுப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பிரிவு 50. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் மாற்றத்தை விரைவில் முடிப்பது விற்பவருக்கும் நல்லது. ஓட்டுநர் உரிமத்துக்குக் கவலை வேண்டாம். இலகுரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டத் தனி அனுமதி தேவையில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்திருக்கிறது.

மாதக் கணக்கைக் கேட்டிருக்கிறீர்கள். வேலூருக்குப் போய்வர 70 கிலோமீட்டர், மாதம் 16 முறை. கோயம்பேடு போய்வர 340, இரண்டு முறை. ஆக 1,800 கிலோமீட்டர். லோடோடு லிட்டருக்கு 11 கிடைத்தால், லிட்டர் 92 ரூபாய் கணக்கில் டீசல் 15,000. இன்சூரன்ஸுக்கு மாதம் 2,000. நான்கு டயர் 30,000 ரூபாய்க்கு வாங்கி 40,000 கிலோமீட்டர் ஓட்டினால் மாதம் 1,350. ஆயில், பில்டர் வகையில் 1,080. எஃப்.சி., வரி, புகைச் சான்று வகையில் 1,200. எதிர்பாராத பழுதுக்கு 3,000 கட்டாயம் எடுத்து வைக்க வேண்டும். சுங்கம், நிறுத்தக் கட்டணம் 1,000. மொத்தம் 24,600 ரூபாய்க்கு மேல். நீங்கள் இப்போது கொடுக்கும் வாடகையில் 17,000 மிஞ்சுகிறது. 3,00,000 ரூபாயை 16 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக்கு எடுத்தால் தவணை 10,500க்குச் சற்று மேல். எஞ்சுவது 6,600, அதுவும் உங்கள் இருவர் உழைப்புக்குக் கூலி போடாமல். முதல் ஆண்டில் இன்ஜின் இறக்கும் செலவு வந்தால் இந்தக் கணக்கு முழுவதும் சரிந்துவிடும்.


பதில் 3
பாலாறு ஓட்டுநர், பள்ளிகொண்டா

மேலே இருவரும் நிறையச் சொல்லிவிட்டார்கள், நான் இரண்டே விஷயம் சேர்க்கிறேன். பழைய உரிமையாளரின் ஃபாஸ்டேக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால், பணம் கொடுக்கும் அன்றே அதை மூடச் சொல்லிவிட்டு உங்கள் பெயரில் புதிதாக எடுங்கள்; வாலாஜா சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்கும்போது அது வேலை செய்யாமல் போய் நான் பட்ட அவதி எனக்குத்தான் தெரியும். சலான் பாக்கி இருக்கிறதா என்று வண்டி எண்ணைப் பரிவாகன் செயலியில் போட்டுப் பார்ப்பதற்கும் பத்து நிமிடம்கூட ஆகாது.

மற்றொன்று, தோப்பில் காய் பறிப்பவர்களைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். ஆடி வெள்ளிக்கு, திருவிழாவுக்கு என்று ஊரே கேட்கும், மறுப்பது கடினம்தான். ஆனால் சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவருக்கு ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் பொறுப்பேற்காது. எங்கள் ஊரில் ஒரு குடும்பம் அப்படி ஒரு விபத்துக்குப் பிறகு நிலத்தை விற்றது.


கேட்டவர் மீண்டும்
தென்னந்தோப்பு, குடியாத்தம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கே வாணியம்பாடி போய்விட்டோம். ஸ்டார்ட்டிங் நன்றாக இருந்தது, ஆயில் மூடியும் துள்ளவில்லை, அதைப் பார்த்து என் தம்பி மிகவும் மகிழ்ந்துவிட்டான். பிறகு அவன் வண்டிக்கு அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டினான். முன்பக்கம் கணீரென்றுதான் கேட்டது. பின்சக்கரத்துக்கு மேலே வந்ததும் சத்தம் மாறியது. அதே இடத்தில் மறுபடி தட்டியபோது உள்ளங்கை அளவுக்குக் கறுப்புப் பெயின்ட் ஒரே ஏடாகக் கையில் வந்தது, அதன் பின்பக்கம் முழுக்கச் செம்பழுப்புத் துருவும் வெள்ளைப் பொடியும் ஒட்டியிருந்தன. குறுக்குச் சட்டத்தின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், மூலையில் கல் உப்பு அப்படியே கட்டியாக உட்கார்ந்திருக்கிறது. சேசிஸ் எண்ணில் கடைசி மூன்று இலக்கங்கள் பென்சில் பிரிண்டில் விழவே இல்லை. விற்பவரிடம் காட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை. தரகர் மட்டும் 40,000 குறைத்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

இப்போது ஆரணியில் அரிசி மூட்டை ஏற்றிய ஒரு 1.3 டன் வண்டி பார்த்திருக்கிறோம். 2017 ஜூலைப் பதிவு, 1,61,000 கிலோமீட்டர், மொத்த எடை 3,000க்குள், பர்மிட் தேவையில்லை. தொட்டிப் பெயின்ட் பழையது, நிறைய உரசல். அடியில் கறுப்பு எதுவும் அடிக்கவில்லை. செம்மண் தூசிதான் படிந்திருக்கிறது, தட்டினால் எல்லா இடத்திலும் ஒரே சத்தம். ஆனால் இரண்டாவது கியர் இறக்கத்தில் வெளியே வருகிறது, காலையில் ஐந்தாறு சுற்றுச் சுற்றித்தான் பிடிக்கிறது. 4,60,000 கேட்கிறார். ஓட்டம் அதிகம், கோளாறும் இருக்கிறது என்பதால் தயக்கமாக இருக்கிறது.


பதில் 4
ஷெட் வேலைக்காரன், வேலூர்

தம்பி, தயங்க வேண்டாம். கியரும் இன்ஜெக்டரும் கழற்றி மாட்டக்கூடிய சாமான்கள், சந்தையில் கிடைப்பவை, எந்த ஷெட்டிலும் செய்யக்கூடிய வேலை. இரண்டாவது கியருக்குச் சின்க்ரோ ரிங்கும் ஸ்லீவும் மாற்றினால் கூலியோடு 12,000க்குள் முடியும். பாட்டில் சோதனை செய்து, எத்தனை இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது என்று எண்ணி, அந்தச் செலவை அப்படியே விலையில் கழித்துக் கேளுங்கள். கோளாறு விற்பவர் கண்முன்னே தெரிகிறபோது பேசுவதற்கு நமக்கு இடம் இருக்கிறது. 1,61,000 கிலோமீட்டர் இந்த ரக இன்ஜினுக்குப் பெரிய ஓட்டம் இல்லை. நேரத்துக்கு ஆயில் மாற்றி 3,00,000 தாண்டி ஓடுகிற வண்டிகள் என் ஷெட்டுக்கு வாரா வாரம் வருகின்றன.

ஒன்றைக் கவனியுங்கள். மூட்டை ஏற்றிய வண்டி என்பதால் கூடுதல் பட்டை போட்டிருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள். டீசல் பில்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு டம்ளரில் பிடியுங்கள். அடியில் தண்ணீர் தங்கினால், இன்ஜெக்டர் தேய்ந்ததற்குக் காரணம் அதுவாகவே இருக்கும். அப்படியானால் டேங்கைக் கழற்றிக் கழுவாமல் புது இன்ஜெக்டர் மாட்டாதீர்கள், மாட்டினால் ஆறு மாதத்தில் அதே வேலை திரும்ப வரும். பி.எஸ்.6 வண்டி பார்க்கச் சொல்லி யாராவது இடையில் புகுந்தால், உங்களைப் போல வாரம் நான்கு நாள் குறுகிய தூரம் ஓட்டுகிறவருக்கு அதன் புகை வடிகட்டி அடிக்கடி அடைத்துக்கொள்ளும், அது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலை ஓட்டம் தேவைப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.


கேட்டவர் மீண்டும்
தென்னந்தோப்பு, குடியாத்தம்

வண்டியை எடுத்துவிட்டோம் அண்ணா. பாட்டில் சோதனையில் இரண்டாவதும் நான்காவதும் மற்ற இரண்டைப் போல இரண்டு மடங்கு நிரம்பின. விற்பவர் பெரியவர், பாட்டில்களை அருகில் வந்து உற்றுப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் பேட்டரிதான் பலவீனம் என்று நினைத்து இரண்டு முறை மாற்றினேனே என்று வருத்தப்பட்டார். விலை 4,10,000க்கு முடிந்தது. டம்ளரில் ஒரு விரற்கடை தண்ணீர் நின்றது, அதனால் டேங்கைக் கழற்றிக் கழுவிய பிறகே இன்ஜெக்டர் மாட்டினோம்.

இதுவரை ஆன செலவு: இரண்டு இன்ஜெக்டர் 19,000, கியர் வேலை 11,500, ஆயில், பில்டர்கள், டேங்க் கழுவிய கூலி 7,400, பின்னால் இரண்டு டயர் 15,000; ஆக 52,900 ரூபாய். கடனை 2,60,000இல் நிறுத்திக்கொண்டோம். பட்டை கூடுதலாக ஒன்று இருந்தது, அதை எடுத்துவிட்டோம். படிவங்களில் எல்லாக் கையெழுத்தும் வாங்கி, பெயர் மாற்றத்துக்குச் செவ்வாய்க்கிழமை கொடுத்தாகிவிட்டது. சேசிஸ் எண் பென்சில் பிரிண்டில் ஒரு இலக்கம் விடாமல் தெளிவாக விழுந்தது.